அறுந்த பொத்தான்

மருத்துவரின் மேசைமேல் காலை வெயில் விழுந்திருக்கிறது. தையல்காரியின் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அதில் அசையாமல் கிடக்கிறது. பக்கத்தில் அவள் கைப்பையை மடியில் வைத்தபடி கணவன். "நரம்புல கோளாறே இல்லைம்மா. அதுக்காக நீங்க நடிக்கிறீங்கன்னும் இல்லை. இந்தக் கை கடைசியா என்ன செஞ்சுது?" என்கிறார் மருத்துவர். "கதவைத் திறந்துச்சு டாக்டர். இருபது வருஷம் கழிச்சு சித்தப்பா வந்து நின்னார்." அவள் மேசைமேல் கிடக்கும் கையைப் பார்க்கிறாள். "சின்ன வயசுல, வீட்ல யாரும் இல்லாதப்ப, இந்தக் கையைப் பிடிச்சுத்தான் அறைக்குள்ள இழுத்துட்டுப் போவார்."

'கை லீவு போட்டிருக்கு' என்று பத்து நாளாகக் கேலி செய்த கணவன் தலை குனிகிறான். "அந்த ஆளு இனிமே நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான், கண்ணு." அவள் அவனைப் பார்க்கிறாள். அவன் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருக்கிறது. வெயிலில் அவளுடைய ஆள்காட்டி விரல், ஊசியைத் தேடுவதுபோல மெல்ல அசைகிறது.