எழுத இடமில்லாத மூலை

அம்புக்குறி வாசலிலிருந்து ஆரம்பித்தது.

டைல்ஸ் மேஸ்திரி குனிந்து பார்த்தான். தரை முழுக்க சாக்பீஸ் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு எண், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அம்பு. ஒன்றாம் எண் வாசற்படியை ஒட்டி. கடைசி எண் ஜன்னல் மூலையில்.

தலைகீழ்!

உள்சுவரில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து வந்து, வாசலில் முடிக்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே எவனும் கற்றுக்கொள்கிற பாடம். ஒட்டின டைல்ஸ் மேல் மூன்று மணி நேரத்துக்குள் கால் வைத்தால் அத்தனையும் ஆட்டம் கண்டுவிடும்.

ஏன் இப்படிப் போட்டிருக்கிறாய் என்று மனைவியைக் கேட்டிருக்கலாம்.

கேட்டால் அவன்தான் முதலில் பேசினதாக ஆகிவிடும்.

நான்கு நாளாகப் பேச்சு கிடையாது. வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வரைவாள், அவன் ஒட்டுவான், பத்து வருஷமாக அப்படித்தான். அறையைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால், சுவருக்குச் சுவர் மயிரிழை பிசகாமல் கோடு விழும்.

அவன் கோடு போட்டால் அது குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பாம்பு.

இப்பேர்ப்பட்டவளைத்தான், மச்சான் வீட்டில் பத்துப் பேர் நடுவே, "டிசைனெல்லாம் யாருப்பா போடறது?" என்று யாரோ கேட்டதற்கு, "எல்லாம் நம்ம கைவேலைதான். இவ சித்தாளு, பசை கலக்கிக் குடுப்பா" என்று சொல்லி வைத்தான்.

ஏன் சொன்னான்? வாய். வேறென்ன.

அவள் மறுநாள் வேலைக்கு வந்ததும் தரையில் எழுதினாள். 'இந்த வீட்டு வேலை முடிஞ்சதும் அண்ணன்கூட வேலைக்குப் போறேன். நீங்க வேற சித்தாள் பாத்துக்கோங்க.' அந்த மச்சானும் டைல்ஸ் வேலைதான் செய்கிறார். தங்கையின் கைக்கு எத்தனையோ நாளாகக் காத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எல்லாமே சாக்பீஸ்தான்.

'மட்டம் சரியில்ல.'

'எனக்குத் தெரியும்.'

'தெரிஞ்சு கிழிச்சீங்க.'

ஒவ்வொரு வரி மேலும் ஒரு டைல்ஸ் உட்கார்ந்தது. வீட்டுக்காரர் காலத்துக்கும் இவர்கள் சண்டை மேல்தான் நடக்கப் போகிறார், பாவம்.

இன்று கடைசி அறை. இது முடிந்தால் அவள் போய்விடுவாள்.

அவனோ ரோஷக்காரன். அம்பு சொன்ன வழியே போனான். பசை, டைல்ஸ், ரப்பர் சுத்தியால் டொக் டொக். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒட்டிக்கொண்டே போனான். மன்னிப்பு கேட்டு ஒரு வரி எழுதிவிடலாம் என்று நாலு நாளாகச் சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் கிடந்தது. அடுத்த கட்டத்தில் எழுதலாம், அடுத்த கட்டத்தில் எழுதலாம் என்று...

முதுகு சுவரில் முட்டியது.

நிமிர்ந்தான். வாசல் அந்தக் கோடியில். நடுவே அறை முழுக்க ஈர டைல்ஸ். இந்தப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல், மூன்றாவது மாடி. நாலு டைல்ஸ் அளவு வெறும் தரையில் அவன், அவள், பசைத்தொட்டி, காலையிலிருந்து மூலையில் கிடக்கும் ஒரு பழைய சாக்கு.

அவள் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, இப்போதாவது. சாக்பீஸை எடுத்தான். எங்கே எழுத? தரையெல்லாம் கால். ஒட்டின டைல்ஸ் வழவழப்பில் சாக்பீஸ் வழுக்கும். சுவர் புதுச் சுண்ணாம்பு. வெள்ளை மேல் வெள்ளை, எழுதியும் என்ன பிரயோஜனம்?

வாயால் சொல்வதைத் தவிர வழியே இல்லை.

சாக்பீஸைப் பையில் போட்டான். போனை எடுத்தான். மச்சானுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், அன்னைக்கு நான் சொன்னது சுத்தப் பொய். டிசைன் போடறது, அளக்கறது, எல்லாம் உங்க தங்கச்சிதான். நான் வெறும் ஒட்டறவன். அவ கிழிச்ச கோட்ட நான் தாண்டினதில்ல. அன்னைக்கு இருந்த பத்துப் பேருகிட்டயும் சொல்லிடுங்க. அப்புறம்... அவள அனுப்ப முடியாது மச்சான். அவ இல்லாம எனக்கு வாசல் எந்தப் பக்கம்னுகூடத் தெரியல."

ஸ்பீக்கரில் மச்சான் குரல் வந்தது.

"என்ன மாப்ள சொல்றீங்க? அவ வரலன்னு நேத்தே சொல்லிட்டாளே. ஆமா, எதுக்கு இப்படிக் கத்தறீங்க? எங்க மாட்டிக்கிட்டீங்க?"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தான்.

மேகம் பார்த்துக்கொண்டிருந்தவளின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப் போனான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். விரல் பட்ட இடமெல்லாம், மூக்கு நுனிவரை, சாக்பீஸ் தூள்.

"மொதல்ல பேசினது நீங்கதான்" என்றாள்.

அப்புறம் உட்கார்ந்து மூலையிலிருந்த சாக்கை விலக்கினாள்.

அடியில் சாப்பாட்டுக் கேரியர், தண்ணீர் பாட்டில், இரண்டு தட்டு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள்.

காலியான தரையில், காலையிலேயே போட்டு வைத்த இரண்டு சாக்பீஸ் வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில்.

தட்டுகளை அவற்றின் மேல் வைத்தாள். மயிரிழை பிசகவில்லை.