நாற்பத்தொன்றாவது மூட்டை

ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அந்த விமானப் பிரிவின் வேலை, ஆற்றங்கரை ஊர் ஒன்றின் மேல் குண்டு போடுவது. இப்போது அதே ஊரில் வெள்ளம். அதே பிரிவு மேலிருந்து மாவு மூட்டை போடுகிறது. அன்று போட்ட குண்டுகளின் கணக்காக விமானத்தின் மூக்கில் வரைந்திருந்த குண்டுப் படங்களுக்குப் பக்கத்திலேயே, அதே வரிசையில், மூட்டைப் படங்களையும் வரைந்துவிட்டார்கள். விமானத்தைத் துடைக்கும்போது மெக்கானிக் அந்த இடத்தை மட்டும் தொடுவதில்லை.

அன்று நாற்பது மூட்டை ஏறியது. நாற்பதும் போட்டாயிற்று என்று விமானி கையெழுத்தும் போட்டுவிட்டார். மெக்கானிக் சரக்குக் கதவைத் திறந்தால், ஈரம் சொட்ட ஒரு மூட்டை கிடந்தது. உள்ளே மாவு இல்லை. பிரிவின் எண் பொறித்த குண்டுச் சில்லு ஒன்று. அதில் ரிப்பனோடு ஒரு கொத்து முடி ஒட்டியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டுதான் தூக்க முடிந்தது.

மெக்கானிக் சில்லோடு போனபோது தளபதி, அச்சாகி வந்த பிரிவின் பொன்விழா மலரை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அட, நம்ம குண்டுய்யா! பொன்விழாக் கண்காட்சிக்கு ஆகும். அந்த முடிக் கருமத்தைப் பிச்சுப் போட்டுட்டு, நல்லா பாலிஷ் போட்டு வை."

"நீங்களே போட்டுக்குங்க சார்."

மெக்கானிக் சில்லை மலரின் அட்டை மேல் வைத்துவிட்டு வெளியேறினார். முடி பொசுங்கும் வாடை எழுந்தது. 'மக்கள் சேவையில் ஐம்பது ஆண்டுகள்' என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கருகின. இரும்பு இன்னும் ஆறவில்லை.