நாற்பத்தோராவது ஆள்

நான்காவது முறை போன் மணியடித்தும் எடுக்கவில்லை. அவளுக்கு மனசு லேசானது.

ஐந்தாவதில் எடுத்துவிட்டார்.

"உயிரோடதாம்மா இருக்கேன்," என்று சிரித்தார் கலியமூர்த்தி.

"சந்தோஷம் ஐயா," என்றாள். அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே மறுபடியும் 'இருக்கிறார்' என்று போட்டாள்.

கல்லீரல் புற்றுநோய்க்கு அந்த ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டவர்கள் எண்பத்திரண்டு பேர். வெட்டி எடுத்த சதையில், செல் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்தும் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நாற்பத்தோரு பேருக்கு அது அறவே இல்லை. இல்லாதவர்கள் மூன்று வருடம் தாண்ட மாட்டார்கள் என்று பேராசிரியர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

அவர்களில் நாற்பது பேர் இரண்டு வருடத்துக்குள் போய்விட்டார்கள்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கலியமூர்த்திக்கு அறுவை முடிந்து இரண்டு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது.

"இந்த ஒரு ஆளு கெடுக்கிறாரேம்மா," என்பார் பேராசிரியர். கோபமெல்லாம் இல்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்பதுபோல்.

மாதாமாதம் போனில் விசாரிப்பது ஆராய்ச்சி உதவியாளரான அவள் வேலை. எதற்கு என்று கலியமூர்த்திக்குத் தெரியாது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவர். பெற்ற பிள்ளைகள்கூட இப்படிக் கேட்பதில்லை என்பார். மழை, அறுப்பு, மாப்பிள்ளையின் கோபம் என்று பேசிக்கொண்டே போவார்.

அவள் ம் கொட்டுவாள்.

மாசியில் அவரே கூப்பிட்டார். அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வயிறு வீங்கிக் கெடக்கும்மா. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. பெரிய டாக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்றியா? நீ சொன்னா இப்பவே பஸ் ஏறிடுறேன்."

பேராசிரியர் எதிர் நாற்காலியில்தான் இருந்தார்.

கட்டுரையை அனுப்ப மூன்று வாரம் இருந்தது.

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சார் வெளியூர் போயிருக்காருங்க ஐயா."

"சரிம்மா. வந்ததும் சொல்லு."

பேராசிரியர் தலை நிமிரவில்லை. யார் என்று கேட்கவுமில்லை.

பதினெட்டாம் நாள் அவள் கூப்பிட்டாள். எடுத்தது அவர் மனைவி. அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது.

"எந்தத் தேதிங்கம்மா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் "ஐயோ" என்றாள்.

எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் கோடு தரையைத் தொட்டது. பேராசிரியர் தன் கையாலேயே அவள் பெயரைக் கட்டுரையில் மூன்றாவதாகச் சேர்த்தார். எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அவளைப் பார்க்கச் சொன்னார்.

பங்குனி பாதியில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

அவள் எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்தாள்.

அந்த அம்மாதான்.

"இந்த மாசம் நீ கூப்புடவே இல்லியேம்மா," என்றாள். "ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"