ஐந்தடித் தொட்டியில் புது மீன்

"புதுசா வர்றத கொல்றதுக்கு அதுக்கு எத்தன நாள் ஆகும்ணே?"

பதினாலு வயதுப் பெண் மீன்கடைக்காரரிடம் இப்படிக் கேட்டதும், பின்னால் நின்றிருந்த சித்தி ஓரடி தள்ளி நின்றாள். கேட்ட குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போல இருந்தது.

மூன்று நாள் தாங்கினால் அதிகம் என்றார் கடைக்காரர். முதல் நாள் துடுப்பைக் கடிக்கும், மறுநாள் மூலைக்கு விரட்டும், மூன்றாம் நாள் காலையில் நாம் வலையால் அள்ளி எடுக்க வேண்டியதுதான். சிக்லிட் மீன் இனமே அப்படி; இருக்கிற இடத்தைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டுவிடும்.

சித்தி என்று நாம்தான் சொல்கிறோம். அந்தப் பெண் இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை. கல்யாணமாகி இருபத்துமூன்று நாள்தான் ஆகிறது.

அந்த இருபத்துமூன்று நாளில் சித்தி கண்ணாடிக்குக் கீழே வைத்த சீப்பு, திரும்பி வருவதற்குள் கட்டில் மேல் கிடந்தது. வலப்பக்கம் நகர்த்திய உப்பு ஜாடி விடிவதற்குள் இடப்பக்கம் போய்விட்டது. ஒரே ஒரு தடவை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் எழுந்திருக்கும் வரை அந்தப் பெண் வாயைத் திறக்காமல் எதிரே நின்றாள். அது செத்துப்போன அம்மாவின் நாற்காலி. சித்தியின் துணிகள் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

லிப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு நாலு நாள் வெளியூர் வேலை. ஐந்தடித் தொட்டியில் ஆஸ்கார் மீன் ஒற்றையாகக் கிடக்கிறது, அதற்குத் துணையாகச் சேர்த்த இரண்டும் செத்துவிட்டன, நீங்கள் இருவருமே போய் நல்லதாக ஒன்று பாருங்கள், அந்தச் சாக்கில் ஒட்டிக்கொள்வீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒட்டுகிற லட்சணம் இப்படி இருந்தது.

ப்ளவர்ஹார்ன் மீன் வேண்டாம், அது ஆஸ்காரையே கிழித்துவிடும் என்றார் கடைக்காரர். சின்னதாக எடுத்தால் ஒரே வாயில் போய்விடும். கடைசியில் ஆஸ்கார் அளவுக்கே வளர்ந்த, சாதுவான ஒரு செவெரம் மீனைக் காட்டினார். ஆனாலும் உத்தரவாதம் தர மாட்டேன், முன்னால் வந்தது முன்னால் வந்ததுதான் என்றார்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி அவரிடம் ஏதோ கேட்டாள். அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லாமல் சித்தி தெருவுக்கு வந்துவிட்டாள். கடைக் கண்ணாடி வழியே பார்த்தபோது, கடைக்காரர் கையை முழங்கை வரை ஒரு தொட்டிக்குள் விட்டுக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மீனை நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் தானே வந்து வாங்கிக்கொள்வதாக அவள் சொன்னாள். வீடு வந்து சாப்பிட்டு எழுந்தபோதுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு முன்னாடி வராதீங்க. வந்தாலும் லைட் போடக்கூடாது."

சித்தி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தாள். எட்டாவது படிக்கிற பெண்ணுக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று வெட்கமாகவும் இருந்தது. தூக்கமும் வரவில்லை.

மறுநாள், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் பொருத்திய இரண்டு லென்ஸ்களும் இடம் வலமாக மாறிப்போயின. மதியம் அக்காவுக்குப் போன் செய்தாள். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே என்று அக்கா ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள். புருஷனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

ஏழு மணிக்கு மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. கனமான எதையோ தரையில் இழுக்கிறார்கள். நிற்கிறது, மறுபடி இழுக்கிறார்கள். அவள் கதவில் சாவியை நுழைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே ஒரே இருட்டு. இரண்டடி வைப்பதற்குள், எப்போதும் வெறுமையாக இருக்கும் இடத்தில் ஏதோ மரச்சாமான் முழங்காலில் இடித்தது. போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறித் தன் அறைக்குப் போனாள். பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை.

என்னைத் துரத்திவிட்டாள், அவ்வளவுதான் என்று சித்தி நினைத்தாள். கூடத்துக்குத் திரும்பியபோது அந்தப் பெண் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் தூசி, முழங்கையில் சிராய்ப்பு.

"டார்ச்ச கீழ பிடிங்க. புதுசு மிரளும்."

தொட்டிக்குள் இரண்டு மீன்கள். இரண்டுமே ஒவ்வொரு கல்லாக முகர்ந்து முகர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று கவனிக்கவில்லை.

"கல்லையெல்லாம் எடம் மாத்தி வெச்சிட்டா, பழசு இது என் எடம்னு சண்டைக்கு வராதாம். கடைக்கார அண்ணன் சொன்னாரு" என்றாள் அந்தப் பெண். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சித்தி டார்ச்சை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஜன்னலோர நாற்காலி ஜன்னலோரம் இல்லை. புத்தக அலமாரி எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. அதன் ஒரு பாதியில் அவளுடைய புடவைகள் கோணல்மாணலாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. டம்ளர் எங்க இருக்கு?"

அந்தப் பெண் எழுந்து சமையலறை வாசல் வரை போய் நின்று, உள்ளே இடம் மாறிக் கிடந்த பாத்திரங்களை இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"தேடணும். இப்ப எனக்கும் எது எங்க இருக்குன்னு தெரியாது."