வைஷாலியின் மணிக்கட்டு

மைசூரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் சௌம்யா, வைஷாலியின் இடது கையை எக்ஸ்ரே தட்டில் விரித்து வைத்தாள். மணிக்கட்டு எலும்பு பதினாறு வயதுக்குள் என்று காட்டினால்தான் அவள் மாநில ஓட்டப்பந்தயத்தில் ஓடலாம். சான்றிதழோ பதினெட்டு என்றது.

"அது மூத்தவளுதுங்க," என்றார் மார்டள்ளி கிராமத்திலிருந்து கூட வந்த அப்பா சித்தையன். "ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அதே பேரை இவளுக்கு வெச்சு, அந்த சர்டிபிகேட்லயே ஸ்கூல்ல சேர்த்துட்டனுங்க."

திரையில் ஒரு சின்னஞ்சிறு கை வந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு இருப்பதுபோல் மணிக்கட்டில் மூன்றே எலும்புகள். படம் அசைந்து கலங்கியிருந்தது. தட்டின்மேல் வைஷாலியின் நீண்ட விரல்கள் அப்படியே இருந்தன.

"கையை ஆட்டாதம்மா."

"நான் ஆட்டவே இல்லக்கா."

இரண்டாவது படமும் அப்படியே வந்தது. சின்னக் குழந்தைகளைப் படமெடுக்கையில் பெற்றோருக்குச் செய்வதுபோல், சௌம்யா சித்தையனுக்குக் கதிர் படாமலிருக்க ஈயக் கவசத்தை மாட்டிவிட்டாள்.

"அண்ணா, பக்கத்துல வந்து கையைப் புடிச்சுக்குங்க."

மூன்றாவது படம் தெளிவாக விழுந்தது. வைஷாலியின் கைதான், எலும்பு முனைகள் இன்னும் ஒட்டவில்லை.

"பதினாலுதான். நீ ஓடலாம்."

வைஷாலி சிரித்துக்கொண்டே வெளியே போனாள்.

படத்தின் ஓரத்தில் சித்தையனின் ஆள்காட்டி விரலும் விழுந்திருந்தது. அதைச் சுற்றி ஐந்து குட்டி விரல்கள் இறுகப் பிடித்திருந்தன.

சித்தையன் தட்டிலிருந்து விரலை எடுக்காமல் நின்றார்.