பதினைந்து நிமிடப் பூட்டு

அன்று மாலை நாலு மணிக்கு ஸ்டோர் ரூமுக்குள் இருந்தவர்கள்: எலக்ட்ரீஷியன், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், பசை காய்ச்சுகிறவர். வாசலில் கையில் பூட்டோடு நின்றவன் ஜெயிலர்.

ஜெயிலர் என்பது அவர்கள் வைத்த பெயர். அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவன் ஸ்டோர்கீப்பர். தினமும் டீ நேரத்தில் மூன்று பேரையும் உள்ளே தள்ளி, வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுவான். பதினைந்து நிமிடம் கழித்துத்தான் திறப்பான்.

மூவரும் சிகரெட்டை விட்டுவிடப் பார்க்கிறவர்கள். டீயும் சிகரெட்டும் ஒட்டிப் பிறந்தவை, அந்த நேரம் மட்டும் பூட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று யோசனை சொன்னதே அவன்தான். "நான் விட்டு ஏழு வருஷமாச்சு, என் பேச்சைக் கேளுங்க" என்றான். கேட்டுத் தொலைத்தார்கள்.

இன்று பதினெட்டாம் நாள். எலக்ட்ரீஷியனுக்குக் கால் ரத்தக்குழாயில் அடைப்பு. ஒரு மாதம் ஒரு இழுப்புகூட இழுக்காமல் வந்தால் ஆபரேஷன், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் தாங்குமா என்பதே சந்தேகம்.

ஜெயிலர் கதவை இழுத்தான். எலக்ட்ரீஷியன் இடுக்கில் காலை வைத்தான்.

"காலை எடு."

"இன்னிக்கு நீயும் உள்ள வாய்யா. எங்களைப் பூட்டிட்டு நீ எங்க போற?"

"அது உனக்கு வேண்டாத வேலை."

"கடைக்குத்தானே போற? போய் நிம்மதியா ஊதிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி வந்து திறக்குற. தினம் சட்டை தொப்பலா நனைஞ்சு, கண்ணு ரெண்டும் சிவந்து வருதே, சாமியாடிட்டா வர்ற?"

"அவன்கிட்ட வாடை வரலையேப்பா" என்று பசை காய்ச்சுகிறவர் இழுத்தார்.

"உனக்குப் பசை வாடையே தெரியாது. நீ பேசாம இரு" என்றான் டிரைவர். "மிட்டாய் போட்டு மறைச்சிருப்பான், பிராடுப்பய."

எலக்ட்ரீஷியன் எட்டி ஜெயிலரின் சட்டைக் காலரைப் பிடித்தான். ஒரு பொத்தான் தெறித்தது. ஜெயிலர் அவன் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் எலக்ட்ரீஷியன் நட்டு போல்ட்டுப் பெட்டிகள் மேல் போய் விழுந்தான்.

"இனிமே உங்களுக்கு எவன்டா பூட்டுவான்?" ஜெயிலரின் உதடு துடித்தது. பூட்டைத் தரையில் விட்டெறிந்தான். "திறந்தே கிடக்கட்டும். போய் ஊதுங்க. காலை வெட்டி வீசட்டும், எனக்கென்ன!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பதினெட்டு நாளில் முதல் தடவையாக டீ நேரத்தில் கதவு திறந்து கிடந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். எலக்ட்ரீஷியனுக்கு வாய் நமநமத்தது.

"நான் அவனைக் கையும் களவுமா பிடிக்கிறேன்" என்று எழுந்தான். "ஏழு வருஷம் விட்டவனாலேயே முடியலைன்னா, நாம எந்த மூலைக்கு? அதுக்கப்புறம் நானும் ஊதுவேன். ஒருத்தன் கேக்கக் கூடாது."

"வரும்போது எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா" என்றான் டிரைவர்.

எலக்ட்ரீஷியன் கெண்டைக்கால் வலியோடு முற்றத்தைக் கடந்தான். கேட் அகலத் திறந்திருந்தது. எதிரே கடை, அங்கே நாலு பேர், அவர்கள் தலைக்கு மேல் புகை. முன்னால் போன ஜெயிலர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டை ஒட்டிய கம்ப்ரஸர் ரூமுக்குள் நுழைந்தான்.

அடப்பாவி, இங்கேயா ஒளிந்து ஊதுகிறான்! ஜன்னல்கூட இல்லாத அறை. உள்ளே மெஷின் ஓடினால் இடியே விழுந்தாலும் கேட்காது. நல்ல இடமாகத்தான் பார்த்து வைத்திருக்கிறான்.

அவன் கதவை எட்டுவதற்குள் கூட்டிப் பெருக்குகிற அக்கா உள்ளேயிருந்து வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டினார்.

"உள்ள அவன் ஊதுறான், வெளிய நீங்க காவலா?" எலக்ட்ரீஷியன் கத்தினான். "இதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"ஊதுறாரா?" அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஜேப்பு எல்லாம் தடவிப் பாத்துட்டுத்தான் தினம் உள்ள தள்ளுறேன். உங்களுக்குப் பதினெட்டு நாள்னா அவருக்கும் பதினெட்டு நாள்தான். அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம இதே ரூம்லதான் ஊதிட்டு இருந்தாரு."

"ஏழு வருஷம்னானே?"

"நானும் அவங்களோட உக்காந்து அழுதா எவன் மதிப்பான்னு கேட்டாரு. உள்ள இருந்து கதவை என்ன குத்து குத்துவாரு தெரியுமா?"

மெஷின் சத்தத்தையும் மீறி இரும்புக் கதவு ஒருமுறை அதிர்ந்தது. இன்னொரு முறை அதிர்ந்தது.

எலக்ட்ரீஷியன் கடையைப் பார்த்தான். ஐம்பது அடிகூட இருக்காது. காற்று அங்கிருந்துதான் அடித்தது, மூக்கு முட்ட. எச்சிலை விழுங்கினான்.

"பூட்டைத் திறங்கக்கா."

"செத்தாலும் வெளிய விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு தம்பி."

"அவன் கிடக்கட்டும். என் ஜேப்பைத் தடவிட்டு என்னையும் உள்ள தள்ளுங்க."

அக்கா தடவிப் பார்த்தார். தள்ளினார். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு மூடி, பூட்டு விழுந்தது.