வந்துடாதடா மொட்டை!

"சொன்னா நம்பமாட்டே மொட்டை, எங்க வேலையும் பஸ் ஓட்டுறதும் ஒண்ணுதான். இன்னும் சொல்லப்போனா பஸ் டிரைவர் தேவலை. அவர் சாயங்காலம் வீட்டுக்காவது வருவார்!"

கேப்டன் இப்படி ஆரம்பித்ததும், காபி கொண்டுவந்த அவர் மனைவி ஹாலுக்குள் நுழையாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னே? விமானப்படையை உதறிவிட்டு நாலு வருஷத்துக்கு முன்னால் பயணிகள் விமானம் ஓட்ட வந்த மனுஷன். வந்த நாளிலிருந்து தலைகால் புரியாத சந்தோஷம். யூனிஃபார்மை அயர்ன் பண்ணும்போதுகூடச் சீட்டியடிப்பார்.

எதிரே உட்கார்ந்திருந்த மொட்டை அவருடைய பதினைந்து வருஷத்துச் சிநேகிதர். தலை நிறைய முடி இருந்தும், ட்ரெயினிங்கில் விழுந்த பெயர் போகவில்லை. அவர் இன்னும் விமானப்படையில்தான் இருக்கிறார்.

"உனக்கென்னடா குறைச்சல், புலம்புறே! நாலு வருஷத்துல மூணு டிரான்ஸ்ஃபர் எனக்கு. பொண்ணுக்கு ஒரு ஸ்கூல்ல சிநேகிதம் பிடிக்கிறதுக்குள்ள அடுத்த ஊர். மாசத்துல பத்து மணி நேரம் பறக்கறேன், மிச்ச நேரமெல்லாம் ஃபைல். நேத்து எங்க மேலதிகாரி ஒரே லெட்டரை ஆறு தடவை திருப்பி அனுப்பினார். எதுக்குத் தெரியுமா? மார்ஜின் சரியில்லையாம்!"

"மார்ஜின் பார்க்கவாவது உனக்கு ஒரு ஆள் இருக்காரே! எனக்குத் தினம் ஒரு புது கோ-பைலட். நெஞ்சில இருக்கிற பேட்ஜைப் பார்த்துத்தான் பேரே தெரிஞ்சுக்கறேன். அது மனசுல நிக்கிறதுக்குள்ள ஊர் வந்துடும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நம்ம ஸ்குவாட்ரன் மாதிரி தோள்ல கைபோட ஒரு ஆள் கிடையாது. வந்துடாதடா மொட்டை!"

"அண்ணா, இவர் சும்மா அளக்கறார்!" என்றபடி மனைவி காபியை நீட்டினாள். "பேசாம நீங்களும் அப்ளிகேஷனைப் போட்டு வந்து சேருங்க."

மொட்டை கப்பையே பார்த்தார். "பார்க்கலாம்மா" என்றார்.

கேப்டனுக்குப் பகீரென்றது. "பிஸ்கட் எங்க வெச்சே?" என்று மனைவியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே போனதும் அவள் பிடித்துக்கொண்டாள். "வெட்கமா இல்ல உங்களுக்கு? போன மாசம் வரைக்கும் 'வாடா, வாடா'ன்னு நச்சரிச்சது யாரு? இப்ப அவர் மனசு வெச்சு வர்ற நேரத்துல ஏன் குட்டையைக் குழப்பறீங்க? அவரும் வந்துட்டா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

"மெதுவாப் பேசு. அவனால வர முடியாதுடி."

"ஏன்?"

"வேலையை விட்டுப் போறேன்னு அவன் குடுத்த மனுவை மூணாவது தடவையும் நிராகரிச்சுட்டாங்க. இன்னும் எட்டு வருஷம் இருந்தே ஆகணுமாம். வியாழக்கிழமை ஆர்டர் வந்திருக்கு. அங்க இருக்கிற பழைய ஆள் ஒருத்தர் போன்ல சொன்னார். இவன் வாயைத் திறந்தானா பார், ரோஷக்காரன்! எட்டு வருஷம் தள்ளணும் அவன். இங்க சொர்க்கம்னு நான் சொன்னா எப்படிடி தள்ளுவான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! நான் வேற அப்ளிகேஷன் போடுங்கன்னு..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் தட்டை எடுத்தாள். "வாங்க. நான் பார்த்துக்கறேன்."

ஹாலுக்கு வந்து மொட்டைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லிடறேண்ணா. கௌரவத்துக்காக அப்படிச் சொன்னேன். இந்த வேலை எங்க வீட்டுக்கு ஆகவே இல்ல. வந்தா தூக்கம், முழிச்சா பெட்டி. எங்க கல்யாண நாளன்னிக்கு நான் தனியா ஹோட்டல்ல உட்கார்ந்து சாப்பிட்டேன். வெயிட்டர் பாவப்பட்டு ஐஸ்கிரீம் சும்மா குடுத்தான். பையன்கிட்ட டீச்சர், 'அப்பா ஏன் வரல'ன்னு கேட்டிருக்காங்க. இவன் 'அப்பா மேல போயிட்டார் மிஸ்'னு சொல்லியிருக்கான். அந்தம்மா எனக்கு போன் போட்டு, 'தைரியமா இருங்கம்மா'ன்னு ஒரே அழுகை!"

மொட்டை புரையேறச் சிரித்தார். கேப்டனும் தொடையைத் தட்டிச் சிரித்தார். அடேயப்பா, என்னமாய் அவிழ்த்துவிடுகிறாள்!

"நீங்க அங்கேயே இருங்கண்ணா. குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப இவர் பறக்கப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா என்கூட வந்து உட்கார்ந்துப்பாங்க. இங்க மேல் மாடியில யார் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது..." சொல்லும்போது அவள் குரல் கம்மியது.

கொஞ்ச நேரத்தில் மொட்டை கிளம்பினார். வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"நான்கூட வெளியில வந்துடலாமான்னு ஒரு யோசனையில இருந்தேன்டா. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். எங்க மேலதிகாரியே தேவலை."

"அப்பாடா! இப்பத்தான்டா உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று கேப்டன் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

மொட்டை நிமிர்ந்து, பழைய மிடுக்கோடு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம், கேப்டன் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அடி என் தங்கமே! நான் அரை மணி நேரம் கத்தியும் மசியாதவனை, அஞ்சு நிமிஷத்துல கவுத்துட்டியே! கடைசியில குரல் வேற கம்மிச்சு பாரு, அடடா! அந்த டீச்சர் கதையெல்லாம் நின்ன நிலையில எப்படிடி தோணுச்சு உனக்கு?"

அவள் கோபப்படவில்லை. கசங்கியிருந்த அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

"பொய் சொன்னது நீங்கதாங்க. நான் எங்க சொன்னேன்?"